'மாட்டுக் கொழுப்பு... என குற்றச்சாட்டு': திண்டுக்கல் நெய் விவகாரத்தில் தலைப்புகள் தொலைத்த பாதி வரி

2024 செப்டம்பர் 18. ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு தன் கூட்டணிக் கட்சி எம்எல்ஏக்கள் கூட்டத்தில் பேசுகிறார். முந்தைய ஜெகன்மோகன் ரெட்டி ஆட்சியில் திருப்பதி லட்டுக்கு நெய்க்குப் பதில் விலங்குக் கொழுப்பு பயன்படுத்தப்பட்டது என்கிறார். மறுநாள் தெலுங்கு தேசம் கட்சியின் செய்தித்தொடர்பாளர் ஒரு ஆய்வக அறிக்கையைக் காட்டுகிறார். கேள்விக்குள்ளான நெய்யை அனுப்பியது திண்டுக்கல்லைச் சேர்ந்த ஏ.ஆர். டெய்ரி நிறுவனம்.

அவ்வளவுதான். அதுவரை பூட்டு, பிரியாணி என்று அறியப்பட்ட ஊரின் பெயர் அடுத்த சில மணி நேரத்தில் நாடு முழுக்கப் போன்களில் வேறு காரணத்துக்காக ஒளிர்ந்தது. 'திருப்பதி லட்டில் மாட்டுக் கொழுப்பு' என்ற நான்கு சொற்கள், 'திண்டுக்கல் நெய்' என்ற இரண்டு சொற்கள். யார் சொன்னது, எந்த ஆதாரத்தில் சொன்னது, எவ்வளவு உறுதியாகச் சொன்னது என்பதெல்லாம் அந்தச் சில சொற்களுக்குள் இல்லை.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கைதுகள் நடந்திருக்கின்றன, சிறப்புப் புலனாய்வுக் குழு நீதிமன்றத்தில் ஆவணங்களைத் தாக்கல் செய்திருக்கிறது. அன்றைய தலைப்புகளை இன்றைக்குத் தெரிந்த விவரங்களுடன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சரிபார்க்கப்படாத ஒரு குற்றச்சாட்டு எப்படித் தலைப்பில் உண்மையாகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

அந்த அறிக்கையில் உண்மையில் என்ன இருந்தது?

குஜராத்தின் ஆனந்த் நகரில் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியத்தின் 'காஃப்' ஆய்வகம் இருக்கிறது. திருப்பதி தேவஸ்தானம் அனுப்பிய நெய் மாதிரி 2024 ஜூலை 9ஆம் தேதி அங்கே வந்தது. ஜூலை 16ஆம் தேதி அறிக்கை தயார். செப்டம்பர் 19 வரை, அதாவது 2 மாதங்கள், பொதுமக்கள் பார்வைக்கு அது வரவில்லை.

ஆய்வகம் செய்த பரிசோதனை, நெய்யை ஒரு கருவியில் விட்டால் 'மாட்டுக் கொழுப்பு: ஆம் / இல்லை' என்று சொல்லிவிடும் ரகம் இல்லை. நெய்யில் உள்ள டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு மூலக்கூறுகள் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று அளப்பார்கள். அந்த அளவுகளை 5 சமன்பாடுகளில் போடுவார்கள். கிடைக்கும் விடைக்கு 'எஸ் மதிப்பு' என்று பெயர். தூய பால் கொழுப்பு என்றால் இந்த மதிப்பு 100-ஐ ஒட்டி, குறுகிய ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். விலகினால் வேறு கொழுப்பு கலந்திருக்க வாய்ப்பு.

இந்த மாதிரியில் மதிப்புகள் விலகியிருந்தன. அதில் சந்தேகம் இல்லை. எதனால் விலகியிருக்கலாம் என்பதற்கு அறிக்கை ஒரு பட்டியலைத் தருகிறது. முதல் சமன்பாட்டுக்கு நேராக சோயா, சூரியகாந்தி, பருத்தி விதை எண்ணெய்கள் தொடங்கி மீன் எண்ணெய் வரை நீளமான பெயர்கள். இரண்டாவதில் தேங்காய் எண்ணெய் வகை. மூன்றாவதில்தான் அந்தச் சொல் வருகிறது. அதுவும் தனியாக வரவில்லை. 'பாமாயில் மற்றும் மாட்டுக் கொழுப்பு' என்று ஒரே வரியில் வருகிறது. நான்காவதில் பன்றிக் கொழுப்பு. ஐந்தாவது, பொதுவான சமன்பாடு.

மூன்றாவது வரியை மறுபடி பாருங்கள். அந்தச் சமன்பாடு பாமாயிலுக்கும் மாட்டுக் கொழுப்புக்கும் பொதுவானது. இரண்டில் எது என்று அது தனியாகப் பிரித்துச் சொல்லாது. தவிர, ஏதோ ஒரு கொழுப்பு கலந்தாலே மற்ற சமன்பாடுகளின் விடையும் சேர்ந்து ஆடக்கூடும். பசுவுக்குக் கொடுத்த தீவனம், சரியாகத் தீவனம் கிடைக்காத நிலை போன்ற காரணங்களாலும் தவறான முடிவு வரலாம் என்ற எச்சரிக்கையும் அதே அறிக்கையின் இணைப்பில் இருக்கிறது.

ஆக, அந்தத் தாளை வைத்துத் துணிந்து சொல்லக்கூடியது: 'இது தரமான தூய நெய் என்று தெரியவில்லை, கலப்படத்துக்கு வாய்ப்பு அதிகம்.' பாமாயில் என்று தலைப்பு வைத்தால் யார் கிளிக் செய்வார்கள்? ஒரே வரியில் இருந்த இரண்டு பொருள்களில் ஒன்று தலைப்புக்குப் போனது, இன்னொன்று செய்தியின் ஆறாவது பத்திக்குப் போனது. சில இடங்களில் அங்கேயும் போகவில்லை.

தேவஸ்தான நிர்வாக அதிகாரி ஜூலை மாதமே நெய் கலப்படம் பற்றிச் செய்தியாளர்களிடம் பேசியிருந்தார். அப்போது அவர் குறிப்பிட்டது தாவரக் கொழுப்பு. செப்டம்பரில் அது விலங்குக் கொழுப்பாக மாறியது. இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவே என்ன நடந்தது என்று கேட்டிருந்தாலே தலைப்பு வேறாக இருந்திருக்கும்.

வால் அறுந்த வாக்கியம்

ஒரு முதல்வர் இவ்வளவு பெரிய குற்றச்சாட்டைச் சொல்லும்போது போடாமல் இருக்க முடியுமா என்று டெஸ்க்கில் இருப்பவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவர் சொன்னார் என்பது செய்தி. அவர் சொன்னது நடந்ததா என்பது இன்னொரு செய்தி. இரண்டாவது கைக்கு வரும்வரை முதலாவதை மட்டும் போட வேண்டும்.

இங்கேதான் தமிழுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். 'என்று கூறினார்', 'என குற்றச்சாட்டு', 'என புகார்' எல்லாமே வாலில்தான் வரும். அச்சு நாளிதழில் இது பிரச்சினையே இல்லை. கண் ஒரே பார்வையில் முழுத் தலைப்பையும் வாங்கிக்கொள்ளும். போனின் லாக் ஸ்கிரீனில் அப்படி இல்லை. ஒரு வரி, மிஞ்சிப்போனால் இரண்டு வரி. தமிழ் எழுத்து அகலமும் அதிகம். 'திருப்பதி லட்டில் மாட்டுக் கொழுப்பு கலக்கப்பட்டதாக சந்திரபாபு நாயுடு குற்றச்சாட்டு' என்று ஒருவர் பொறுப்பாகவே தலைப்பு எழுதியிருந்தாலும், வாசகர் பார்ப்பது 'திருப்பதி லட்டில் மாட்டுக் கொழுப்பு கல...' வரைதான். மூன்று புள்ளிகளுக்குள் போய்விட்டது சொன்னவரின் பெயர்.

ஆங்கிலத்தில் பெயரை முதலில் போட்டு எழுதுவது இயல்பு. தமிழில் அப்படிச் செய்ய, 'நாயுடு குற்றச்சாட்டு:' என்று முன்னால் கொண்டுவந்து ஒரு முக்காற்புள்ளி வைத்தால் போதும். இரண்டே சொல். ஆனால் அந்த இரண்டு சொல்லும் தலைப்பின் சூட்டைக் குறைத்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பேச்சுத் தமிழ் இந்த விஷயத்தில் எழுத்துத் தமிழைவிட நேர்மையானது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் யாரும் 'நெய்யில் கொழுப்பு கலப்பு' என்று பேசமாட்டார்கள். 'நெய்யில கொழுப்பக் கலந்துட்டாங்களாம்' என்பார்கள். அந்த 'ஆம்' இரண்டே எழுத்தில் 'நான் பார்க்கல, கேள்விப்பட்டேன், அவ்ளோதான்' என்று சொல்லிவிடுகிறது. தலைப்பில் 'ஆம்' போட்டால் வதந்தி மாதிரி இருக்கும் என்று எடுத்துவிடுகிறார்கள். எடுத்த பிறகு மிஞ்சுவது 'கலப்பு' என்ற பெயர்ச்சொல். யார், எப்போது, நிஜமாகவா என்ற எதையும் சுமக்காத சொல் அது. விளைவு, டீக்கடைப் பேச்சில் இருந்த ஜாக்கிரதைகூடச் செய்தித் தலைப்பில் இல்லாமல் போகிறது.

இதோடு 'உறுதி' சேர்ந்துகொண்டால் கதை முடிந்தது. ஒரு கட்சி அறிக்கையை வெளியிட்டது என்பதற்கும் 'ஆய்வில் உறுதி' என்பதற்கும் உள்ள தூரம் ரொம்பப் பெரியது. உறுதி செய்தது யார்? ஆய்வகமா, அதைக் கையில் வைத்திருந்த கட்சியா?

கேள்விக்குறி போட்டால் தப்பிக்கலாமா?

'லட்டில் மாட்டுக் கொழுப்பா?' என்று கேட்டுவிட்டால் பொறுப்பு இல்லை என்பது பல டெஸ்க்குகளின் நம்பிக்கை. 1981இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் சகாக்களும் இதையே சோதித்தார்கள். அரசியல் வேட்பாளர்கள் பற்றிய சில தலைப்புகளை மக்களுக்குக் காட்டினார்கள். சிலவற்றில் நேரடிக் குற்றச்சாட்டு, சிலவற்றில் அதே குற்றச்சாட்டு கேள்வியாக. கேள்வியாகப் படித்தவர்கள் மனதிலும் அந்த வேட்பாளர் மீது ஏறக்குறைய அதே அளவு கெட்ட எண்ணம் பதிந்தது. கேள்விக்குறி சட்டச் சிக்கலிலிருந்து பத்திரிகையைக் காப்பாற்றலாம், சம்பந்தப்பட்டவரைக் காப்பாற்றாது.

உள்ளே போய் முழுச் செய்தியைப் படித்தால் தெளிந்துவிடுமே என்று தோன்றலாம். கொலம்பியா பல்கலைக்கழகமும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமான இன்ரியாவும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, ட்விட்டரில் பகிரப்பட்ட செய்தி இணைப்புகளில் 59 சதவீதத்தை ஒருவர்கூடத் திறக்கவில்லை என்றது. திறந்து படிப்பவர்களுக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் உல்ரிக் எக்கர் குழு 2014இல் காட்டியது இது: உள்ளே எழுதியிருப்பது சரியாகவே இருந்தாலும், திசைதிருப்பும் தலைப்போடு படித்தவர்களின் நினைவும் அனுமானமும் தலைப்பின் பக்கம் சாய்கின்றன.

திருப்பதியிலிருந்து பழனிக்கு

சந்தேகம் ஒரே இடத்தில் நிற்கவில்லை. திண்டுக்கல் மாவட்டம் என்றால் பழனி. திண்டுக்கல் நிறுவனம் என்றால் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் அதே நெய்யா என்று சில நாள்களிலேயே சமூக வலைதளங்களில் பரவியது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பிரசாதம் அது. பழனியில் பயன்படுத்தப்படுவது ஆவின் நெய் என்று தமிழ்நாடு அரசு விளக்கம் கொடுக்க வேண்டிவந்தது. வதந்தி பரப்பியதாக பாஜக நிர்வாகிகள் மீது வழக்கும் பதிவானது.

அது ஓய்வதற்குள் திரைப்பட இயக்குநர் மோகன் ஜி ஒரு யூடியூப் பேட்டியில், பஞ்சாமிர்தத்தில் மாத்திரை கலக்கப்பட்டதாகத் தான் கேள்விப்பட்டதாகப் பேசினார். செப்டம்பர் 24ஆம் தேதி கைதானார், அன்றே ஜாமீனில் வெளிவந்தார். பிறகு முன்ஜாமீன் வழக்கில், நாளிதழ்களில் மன்னிப்பு விளம்பரம் வெளியிட வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நிபந்தனை விதித்தது. 'கேள்விப்பட்டேன்' என்று அவர் சொன்னது கைதுச் செய்தியில் இருந்தது. ஆனால் அந்தச் செய்தியின் ஒவ்வொரு தலைப்பும் பஞ்சாமிர்தம், மாத்திரை என்ற இரண்டு சொல்லையும் இன்னொரு முறை பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. மறுப்புச் செய்திக்கும் இந்தப் பாடு உண்டு.

இன்னொன்று இன்னும் மோசம். 'நெய் கம்பெனி நிர்வாகிகள் பெயரைப் பாருங்கள்' என்று முஸ்லிம் பெயர்கள் கொண்ட ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் ஓடியது. அது பாகிஸ்தானில் இருக்கும், ஏ.ஆர். என்று தொடங்கும் வேறொரு நிறுவனத்தின் பட்டியல் என்று உண்மைச் சரிபார்ப்பு இணையதளங்கள் கண்டுபிடித்தன. எந்தச் செய்தி டெஸ்க்கும் அந்தப் பட்டியலை உருவாக்கவில்லை. ஆனால் அது முளைக்க நிலத்தை உழுது கொடுத்தது, முதல் நாளே 'உறுதி' என்று போட்ட தலைப்பு.

உச்ச நீதிமன்றம் கேட்டதும் எஸ்ஐடி கண்டதும்

செப்டம்பர் 30ஆம் தேதி வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பி.ஆர். கவாய், கே.வி. விஸ்வநாதன் முன் வந்தது. கடவுள்களையாவது அரசியலிலிருந்து விலக்கி வையுங்கள் என்று அவர்கள் சொன்னது பெரிய தலைப்பானது. அதைவிட முக்கியமான ஒன்று உத்தரவில் இருந்தது. எஃப்ஐஆர் பதிவானது செப்டம்பர் 25, மாநில அரசு விசாரணைக் குழு அமைத்தது செப்டம்பர் 26. முதல்வர் பேசியது 18. விசாரணையே தொடங்காதபோது பொதுவெளியில் எதற்குப் போனீர்கள் என்பதுதான் நீதிமன்றத்தின் கேள்வி. அந்தக் கேள்வி செய்தி டெஸ்க்குகளுக்கும் பொருந்தும்.

அக்டோபர் 4ஆம் தேதி நீதிமன்றமே ஒரு குழுவை அமைத்தது. சிபிஐயிலிருந்து 2 பேர், ஆந்திர போலீஸிலிருந்து 2 பேர், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயிலிருந்து ஒருவர். மேற்பார்வை சிபிஐ இயக்குநர். 2025 பிப்ரவரியில் இந்தக் குழு 4 பேரைக் கைது செய்தது. உத்தராகண்டின் ரூர்க்கியைச் சேர்ந்த போலே பாபா டெய்ரியின் முன்னாள் இயக்குநர்கள் இருவர், ஆந்திராவின் வைஷ்ணவி டெய்ரியின் தலைமைச் செயல் அதிகாரி, திண்டுக்கல் ஏ.ஆர். டெய்ரியின் நிர்வாக இயக்குநர். எல்லோரும் குற்றம் சாட்டப்பட்டவர்கள், தீர்ப்பு வரவில்லை.

எஸ்ஐடி முன்வைக்கும் கதை செப்டம்பர் 18 தலைப்புகளிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கிறது. ஏ.ஆர். டெய்ரியின் பெயரில் டெண்டரை எடுத்து நடத்தியது வைஷ்ணவி டெய்ரி என்கிறது எஸ்ஐடி. அதற்குப் பின்னால் போலே பாபா. 2025 நவம்பரில் நெல்லூர் நீதிமன்றத்தில் எஸ்ஐடி தாக்கல் செய்த ஆவணத்தின்படி, 2019 முதல் 2024 வரை போலே பாபா வழியாகத் திருப்பதிக்குப் போன போலி நெய் 68 லட்சம் கிலோ. மதிப்பு சுமார் 250 கோடி ரூபாய். அந்தக் காலத்தில் அந்த நிறுவனம் பாலோ வெண்ணெயோ வாங்கவே இல்லையாம். பாமாயிலும், நெய் மாதிரி மணமும் பரிசோதனை எண்ணும் வரவழைக்கும் ரசாயனங்களும்தான் மூலப்பொருள் என்கிறது எஸ்ஐடி. அந்த ரசாயனங்களை விற்றதாக ஒருவர் கைதாகியும் இருக்கிறார்.

(இந்தப் பகுதியில் 'எஸ்ஐடி சொல்கிறது' என்பது இத்தனை முறை வருவது படிக்கச் சலிப்பாக இருக்கலாம். எஸ்ஐடி சொல்வதும் விசாரணையில் நிரூபிக்கப்பட வேண்டிய கூற்றுதான்.)

பாலே வாங்காமல் 68 லட்சம் கிலோ நெய். இதற்கு மேல் என்ன பரபரப்பு வேண்டும்? ஆனால் இது வந்தபோது 'மாட்டுக் கொழுப்பு' ஏற்கெனவே எல்லோர் மனதிலும் பட்டா போட்டு உட்கார்ந்துவிட்டது. 5 வருடக் கொள்முதலில் பரிசோதனை எப்படித் தோற்றது, கிலோ சுமார் 320 ரூபாய்க்கு நெய் தர முடியும் என்ற விலையை யார் ஏற்றது என்ற கேள்விகள் 2024 செப்டம்பரிலேயே கேட்கக்கூடியவை. அப்போது விவாதம் ஓடியது எந்த மிருகத்தின் கொழுப்பு என்பதில். மிகைப்படுத்திய தலைப்பு எதிர்த்தரப்புக்கும் வசதி செய்துகொடுத்தது. மாட்டுக் கொழுப்பு நிரூபிக்கப்படவில்லை என்றதும், ஒய்எஸ்ஆர் காங்கிரஸ் தரப்பு 'அப்படியானால் எல்லாமே கட்டுக்கதை' என்ற இடத்துக்கு எளிதாக நகர முடிந்தது. கலப்பட நெய் பயன்படுத்தப்படவே இல்லை, திருப்பி அனுப்பிவிட்டோம் என்ற அதிகாரிகளின் விளக்கமும் அதே வேகத்தில், அதே சரிபார்ப்பு இல்லாமல் தலைப்பானது.

அந்த 'திருப்பி அனுப்பிவிட்டோம்' பற்றியும் எஸ்ஐடி ஒன்று சொல்கிறது. 2024 ஜூலையில் நிராகரிக்கப்பட்ட 4 டேங்கர்களும் திண்டுக்கல்லுக்குத் திரும்பவே இல்லை. லேபிள் மாற்றப்பட்டு வைஷ்ணவி டெய்ரி வழியாக ஆகஸ்ட்டில் மறுபடி திருப்பதிக்கே போயின என்பது அதன் குற்றச்சாட்டு. அது உண்மையானால், முதல்வரின் குற்றச்சாட்டை உறுதி என்று போட்டவர்களும் அதிகாரியின் மறுப்பை அப்படியே போட்டவர்களும் சேர்ந்தே தவறவிட்ட செய்தி அது. அதுவும் முந்தைய ஆட்சியில் நடந்தது இல்லை. நாயுடு பதவியேற்ற பிறகு நடந்தது.

விதி என்ன சொல்கிறது?

இதற்குப் புதுச் சட்டம் ஒன்றும் தேவையில்லை. இந்திய பிரஸ் கவுன்சிலின் நடத்தை நெறிகளில் தலைப்புக்கென்றே ஒரு பகுதி உண்டு. தலைப்பு கீழே உள்ள செய்தியை நியாயப்படுத்த வேண்டும். குற்றச்சாட்டைத் தலைப்பாக்கினால் யார் சொன்னது என்று அடையாளம் காட்ட வேண்டும், முடியாவிட்டால் குறைந்தபட்சம் மேற்கோள் குறியாவது இட வேண்டும் என்கிறது அது. இதை எழுதியவர்கள் மனதில் இருந்தது அச்சுத் தாள். மேற்கோள் குறி வெறும் அலங்காரமாகிப்போன காலத்தை அவர்கள் யோசித்திருக்க வாய்ப்பில்லை. இன்று சினிமா நடிகையின் கல்யாணம் முதல் கிரிக்கெட் தோல்வி வரை எல்லாவற்றுக்கும் ஒற்றை மேற்கோள் போட்டாகிறது. 'இது இன்னொருவர் வாய்ச்சொல்' என்று அந்தக் குறியைப் பார்த்து யாரும் இப்போது புரிந்துகொள்வதில்லை.

திருத்தத்தின் கதையும் இதேதான். இணையத்தில் தலைப்பை ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம். போன நோட்டிபிகேஷனைத் திரும்ப வாங்க முடியாது. ஸ்கிரீன்ஷாட் குடும்ப குரூப்பில் இருக்கும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டோ மையத்துக்காக கிரெய்க் சில்வர்மேன் 2015இல் எழுதிய ஆய்வறிக்கை சுட்டியதும் இதைத்தான்: சரிபார்க்காத தகவலை முந்திக்கொண்டு போடும் தளங்களில் பல, பிறகு உண்மை தெரிந்ததும் அதைப் பின்தொடர்ந்து எழுதுவதில்லை. செய்தியின் உள்ளே ஜாக்கிரதையாக எழுதிவிட்டு, தலைப்பில் அந்த ஜாக்கிரதையைக் கழற்றிவிடும் பழக்கத்தையும் அவர் குறிப்பிட்டார்.

செப்டம்பர் 18ஆம் தேதி கையில் இருந்த தகவல்களை மட்டும் வைத்து 'நாயுடு குற்றச்சாட்டு: லட்டு நெய்யில் விலங்குக் கொழுப்பு; ஆதாரம் வெளியிடவில்லை' என்று போட்டிருக்கலாம். மறுநாள் அறிக்கை வந்ததும் 'திருப்பதி நெய் தூய்மையானது இல்லை: ஆய்வகம், எந்தக் கொழுப்பு என்பதில் தெளிவில்லை' என்று மாற்றியிருக்கலாம். முதல் சில சொற்களிலேயே அறுந்தாலும் இந்த இரண்டும் பொய்யாகாது. கிளிக் குறைந்திருக்குமா? குறைந்திருக்கும்.

அந்த நெய்யில் விலங்குக் கொழுப்பு இருந்ததா என்ற கேள்விக்கு இன்னும் நீதிமன்றத்தில் விடை வரவில்லை. கூகுளில் 'திண்டுக்கல் நெய்' என்று தேடினால் 2024 செப்டம்பர் தலைப்புகள் இப்போதும் வந்து நிற்கின்றன, பெரும்பாலும் அன்றைக்கு வைத்த அதே சொற்களோடு.